இடைவெளி விடாமல்

நாகமலை புதுக்கோட்டை,
9.2.2025

மருமகள் ஹெப்சிபாவுக்கு,

மாமனார் கருத்தக்கண்ணன் எழுதிக்கொள்வது. எழுதுவது என்றால், நான் சொல்லச் சொல்ல பக்கத்துத் தெரு சவரியப்பன் வாத்தியார் எழுதுகிறார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர்தான். மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மாமா நலமா என்று ஒரு வரி அதில் இல்லை. இருக்கட்டும். நான் நலம். பேத்தி ஆர்த்திகா நலமாக இருக்க வேண்டும்.

சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறினால் என் வீட்டு முக்கிலேயே வந்து இறங்கிவிடலாம். அந்தத் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டி எழுதியிருக்கிறாய். நான் போனை எடுப்பதில்லை என்று குறை வேறு. எடுக்க மாட்டேன். என் மகனை எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக விடு என்றுதானே கேட்டேன்? அவர் ஞானஸ்நானம் எடுத்தவர் என்று உன் ஆட்கள் சட்டம் பேசினார்கள். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால், "இனிமே என் வாசலை மிதிக்காதீங்க" என்று நீயும் சொன்னாய். சொன்ன வாயோடு போனில் நான் எதைப் பேச? ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். எது வாங்கினாலும் எது எடுத்தாலும் என்னிடம் சொன்னவன், இந்த ஞானஸ்நானம் எடுத்ததை மட்டும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். முத்துக்குமரனுடைய போன் திறக்க மாட்டேன் என்கிறது, அதற்கு வைத்திருக்கும் ரகசியச் சொல் உங்களுக்குத் தெரியும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், அது நிஜமா விளையாட்டா என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான். "எழுதி வச்சா எவனாவது பாத்துருவான்ப்பா. உன் மண்டைக்குள்ள எவன் எட்டிப் பாக்கப் போறான்?" என்பான். புதிதாக எதற்குச் சொல் வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது என்னிடம் ஒப்படைத்துவிடுவான். ரயில் டிக்கெட்டுக்கு வைத்தது, கரண்ட் பில்லுக்கு வைத்தது, ஆபீசுக்கு வைத்தது. அவன் மாற்றிப்போட்டு விட்டுவிட்ட பழைய சொற்களும் எனக்குத் தெரியும். மறந்துபோனால் ஆபீசிலிருந்தே கூப்பிடுவான். "அலோ, கருத்தக்கண்ணன் லாக்கரா? கொஞ்சம் தொறங்க" என்பான். எழுத்து தெரியாத அப்பனிடம் ஒரு பிள்ளை எதை நம்பிக் கொடுத்தான் பார்.

அந்தப் போனுக்குள் அவன் பேச்சும் சிரிப்பும், பேத்தியோடு விளையாடின படமும் இருக்கிறது, பிள்ளை அப்பா குரலைக் கேட்க வேண்டும் என்று அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். சரி. பேத்தியை ஒரு தடவை இங்கே கூட்டிக்கொண்டு வா. அவள் காதில் சொல்கிறேன். கடிதத்தில் சொல்ல மாட்டேன்.

வாத்தியார் என் பேச்சை எழுத்துக்குத் தகுந்தாற்போலத் திருத்திக்கொள்கிறார். நான் வாரேன் என்றால் அவர் வருகிறேன் என்று எழுதுகிறார். அதுதான் மரியாதையாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்
(கைநாட்டு)


சிம்மக்கல்,
15.2.2025

மாமா அவர்களுக்கு,

ஹெப்சிபா எழுதுவது. நலமா என்று கேட்காதது தப்புதான். நலமா?

வாசலை மிதிக்காதீர்கள் என்று நான் சொன்னது உங்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தி நீங்கள் சொன்னதும் இருக்கத்தானே வேண்டும்? "என் புள்ளயத் தின்னுபுட்டியேடி." சபையே நின்றுகொண்டிருந்தது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு அடைத்துப் போன மனிதரை நான் எப்படி மாமா தின்றேன்? வீட்டுக்கு வந்ததும் ஆர்த்திகா கேட்டாள், "தாத்தா சொன்னது நெசமாம்மா?" என்று. அந்தப் பிள்ளையைத்தான் உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்கிறீர்கள். வர மாட்டோம்.

அவர் விரலை வைத்துத்தான் போனைத் திறப்பார். அந்த விரல் இருந்த வரைக்கும் எனக்கு அந்தப் போன் தேவைப்படவில்லை. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன பிறகு அது விரலைக் கேட்பதில்லை, சொல்லைத்தான் கேட்கிறது. பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தானாக அழிந்துவிடும்படி அவரே வைத்திருக்கிறார். திருடன் கையில் சிக்கினால் எதுவும் தெரியக்கூடாதாம். எங்கள் கல்யாண நாள், பிள்ளை பிறந்த நாள், அவள் பெயர், என் பெயர், நாலும் போட்டுப் பார்த்துவிட்டேன். எதுவும் இல்லை. பொண்டாட்டி பெயரும் இல்லை, பிள்ளை பெயரும் இல்லை என்று தெரிந்துகொள்ளும்போது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசிக்க மாட்டீர்கள்.

இது உங்கள் மகன் குரல். அதை வைத்து என்னிடம் பேரம் பேசுகிறீர்கள்.

ஹெப்சிபா


நாகமலை புதுக்கோட்டை,
2.3.2025

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து கிடந்தது. வாத்தியார் ஒரு கல்யாணத்துக்கு டி. கல்லுப்பட்டி போயிருந்தார். அவர் வந்து வாசித்துக் காட்டும்வரை தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

வாசித்து முடித்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "செத்துப்போனவன் சாவியை மடியில கட்டிக்கிட்டு என்னய்யா வீம்பு உமக்கு?" என்றார். சாவியை என் மடியில் கட்டியது நானா? அவன்தானே கட்டினான்.

கல்லறையில் நான் சொன்ன வார்த்தைக்குக் கணக்குக் கேட்கிறாய். பெற்ற வயிறு எரியும்போது வாய் என்ன பேசும் என்று உங்கள் வேதத்தில் எழுதியிருக்காதா? பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கிழவன் கேட்டால் அதற்குப் பெயர் பேரம். சரி, பேரமாகவே இருக்கட்டும், பேரம் படியவில்லை. நீ வர வேண்டாம். நானும் வரவில்லை. பிள்ளை அவள் அப்பன் குரலைக் கேட்கட்டும். கேட்கும்போது இது தாத்தா எடுத்துக் கொடுத்தது என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்லு. அதற்கும் நாக்கு வராது என்றால் விட்டுவிடு.

ஆங்கில எழுத்தில் போட வேண்டும் என்றான். எல்லாம் சின்ன எழுத்து. சேர்த்து எழுத வேண்டும், நடுவில் இடைவெளி விடக்கூடாது என்று அழுத்திச் சொன்னான். எழுத்துக்கூட்டுவது உன் பாடு, அது எனக்குத் தெரியாது. சொல் இதுதான், கருப்பு.

அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்
(கைநாட்டு)


சிம்மக்கல்,
10.3.2025

கருத்தக்கண்ணன் அவர்களுக்கு,

கருப்பு. சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல். ஒற்றைச் சொல்லில் எங்கே போய் இடைவெளி விட என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

பி இரண்டு வைத்துப் போட்டேன். பி ஒன்று வைத்துப் போட்டேன். யூவுக்குப் பதில் ஓ இரண்டு போட்டேன். எதோடோ சேர்க்கச் சொல்கிறீர்கள் போல என்று அவர் பிறந்த வருடத்தைச் சேர்த்துப் போட்டேன். பிள்ளை பிறந்த வருடத்தைச் சேர்த்தும் போட்டேன். ஆர்த்திகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசித் தடவை மட்டும் மீதி இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, தாத்தாகிட்டயே கேட்டுக்கலாம்" என்றாள். உங்களுக்குப் போன் போட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கடைசியையும் போட்டேன். திரை இருண்டது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையாக வந்து, என்ன மொழி வேண்டும் என்று கேட்டது, கடையில் வாங்கின அன்றைக்குக் கேட்டதைப் போல.

மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் மறக்கிற ஆள் இல்லை என்று உங்கள் மகனே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் பொய்ச் சொல்லைக் கொடுத்தீர்கள். பிள்ளையைக் கூட்டி வராததற்கு எங்களைப் பழிவாங்கிவிட்டீர்கள். திருப்திதானே?

ஹெப்சிபா


நாகமலை புதுக்கோட்டை,
16.3.2025

தாயி ஹெப்சிபா,

இந்தக் காயிதத்துல வாத்தியாரு ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாதுன்னு அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிக்கிட்டுத்தேன் சொல்றேன். நான் பேசப் பேச அப்படியே எழுதுறாரு.

நான் பொய்ச் சொல்லு குடுக்கல தாயி. நாஞ் சொன்னது ரெண்டு சொல்லு. கருப்பு அம்புட்டுதேன். அதேன் சேத்து எழுதணும், எடவெளி விடக் கூடாதுன்னது. நான் எந்தப் பேச்ச முடிச்சாலும் அம்புட்டுதேன்னுதேன் முடிப்பேன். அன்னைக்கும் பேச்ச முடிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டாரு வாத்தியாரு. அத அவ்வளவுதான்னு திருத்தி, தனியாப் பிரிச்சுக் கீழ எழுதிப்புட்டாரு. எழுதிட்டு வாசிச்சுக் காட்டாமயும் இல்ல. "கருப்பு, அவ்வளவுதான்"னு வாசிச்சாரு. நானும் சரிதேன்னேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதேன தாயி? அவரு நாக்குல அப்படி வருது, என் நாக்குல இப்படி வருது. எழுத்துல போட்டா அது வேற சொல்லு, இது வேற சொல்லுன்னு எனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? உன் காயிதத்த வாசிச்சப்பறந்தேன் அவருக்கே வெளங்குச்சு. தலையில கைய வச்சு உக்காந்தவருதேன். டீ வாங்கியாந்து குடுத்தேன், ஆறிப்போயிக் கெடக்கு. அவர ஏசி என்னத்துக்கு ஆகப்போகுது.

கருப்பு யாருன்னு உனக்குத் தெரியாது. நாங்க வளத்த கெடா. தாயில்லாக் குட்டி, முத்துக்குமரன்தேன் பால்புட்டி வச்சுக் குடுத்து வளத்தான். குலசாமிக்கு நேந்துவிட்ட கெடான்னு அவனுக்கும் தெரியும். வெட்டுன அன்னைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையக் கூட எறக்கல, "கருப்பு எங்கப்பா?"ன்னான். "கருப்பு அம்புட்டுதேன்"னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? சாமிக்கு நேந்தத வீட்டுல வச்சுக்க முடியுமா? ஊருல எல்லா வீட்டுலயும் நடக்குறதுதேன். அன்னையிலருந்து கறியத் தொடல, வீம்புக்காரப் பய. போன வருசம் இந்தப் போனு வாங்குனப்ப, "அப்பா, ஒரு சொல்லு சொல்றேன், வச்சுக்க"ன்னு சொல்லி, "கருப்பு அம்புட்டுதேன்"னான். ஏன்டா இத வச்சன்னு நான் கேக்கல. "இது மறக்காதுல்லப்பா"ன்னான் அவனா.

நீ போன் போட்டது எனக்குத் தெரியும். சட்டப் பையிலதேன் இருந்துச்சு, அடிச்சுச்சு. எடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்ல? சொன்ன சொல்லுல நிக்கிறவன் நான். பேத்தி கேக்கச் சொல்லித்தேன் அடிச்சன்னு அந்த மணியோசையில எழுதியா இருந்துச்சு?

போனுல இருந்தது போச்சு. ஆனா அவன் பேசுனது அம்புட்டும் எங்கிட்ட இருக்கு தாயி. மாநகராட்சிப் பூங்காவுல ஆர்த்திகாவுக்கு சைக்கிள் பழக்குனப்ப, அவ "விட்ராதப்பா, விட்ராதப்பா"ன்னு கத்த, இவன் "பிடிச்சிருக்கேன்டா, பிடிச்சிருக்கேன்டா"ன்னு சொல்லிக்கிட்டே கைய விட்டுட்டு ஓடியாந்தானாம். அவ திரும்பிப் பாத்து, "பொய்காரப் பயலே"ன்னாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே ஒரு சொல்லு பெசகாம என்னால சொல்ல முடியும். இது மாதிரி எம்புட்டோ இருக்கு. புள்ளய ஒரு நாளு எங்கிட்ட விடு. முடியாதுன்னா நான் வாரேன். உன் வாசல மிதிக்கல. தெருவுல நின்னே சொல்லிட்டுப் போறேன். அவ சன்னல்ல நின்னு கேக்கட்டும்.

பதில் போடு.

கருத்தக்கண்ணன்
(கைநாட்டு)


சிம்மக்கல்,
4.4.2025

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னதை நம்புகிறேன். வாத்தியாரிடம் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லுங்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுத்துச் சமைத்து வைத்தேன். வாடை ஒத்துக்கொள்ளாது என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இத்தனை வருடமாக அதை வாடை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "ஊருல எல்லா வீட்டுலயும் நடக்குறதுதேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. தினமும் விரலால்தான் போனைத் திறந்தார் என்றாலும் அவர் மனசுக்குள் அந்தச் சொல் இருந்திருக்கிறது. ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை, கேட்க எனக்கும் வாய்க்கவில்லை.

நான் போட்டபோது போனை எடுத்திருந்தால், உங்கள் நாக்கில் வந்தபடியே அந்தச் சொல் எனக்குக் கேட்டிருக்கும். நான் பிள்ளையைக் கூட்டி வந்திருந்தாலும் கேட்டிருக்கும். இதை உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சைக்கிள் கதையை ஆர்த்திகாவிடம் வாசித்தேன். அந்த வீடியோ போனில் இருந்தது. அவள் கேட்டுவிட்டு, "தாத்தா சொல்லும்போது அப்பா கொரல்ல சொல்லுவாரா?" என்றாள். "இல்லடா, தாத்தா கொரல்லதான் சொல்லுவார்" என்றேன். "அப்ப வேணாம்மா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. அதனால் நீங்கள் வர வேண்டாம். தெருவிலும் வந்து நிற்க வேண்டாம். வெயில் வேறு கடுமையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். அதற்குப் புதுச் சொல் வைத்திருக்கிறாள். என்ன என்று கேட்டால் எனக்கும் சொல்லவில்லை. மறந்துவிட்டால் என்ன செய்வாய், யாரிடமாவது சொல்லி வை என்றேன்.

"யார்கிட்டயும் வேணாம்மா. மறந்தா மறந்துட்டுப் போகுது" என்றாள்.

ஹெப்சிபா