வெறுங்கையோடு நின்ற அந்தோனியார்

அக்கா,

இன்றைக்கு உங்கள் தலையணையை வெயிலில் போட்டேன். மழை விட்டு இப்போதுதான் முற்றம் காய்ந்திருக்கிறது. பஞ்சு இறுகிப்போகாமல் இருக்கக் கையால் தட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் ஏதோ கட்டியாக விரலில் பட்டது. பஞ்சுக்கொட்டை என்று நினைத்து நசுக்கிப் பார்த்தேன். நசியவில்லை.

தலையணையின் தையல் எல்லாம் வெள்ளை நூல். ஒரு மூலையில் மட்டும் நீல நூல் ஓடியிருந்தது. அது உங்கள் தையல்தான். நீங்கள் முடிச்சை எப்போதும் வெளியே விடுவீர்கள். பிரித்தேன். அப்பா உடுத்த சாரத்தில் கிழித்த ஒரு துணித் துண்டு வந்தது. அதற்குள் குழந்தை இயேசு இருந்தார். என் சுண்டுவிரல் அளவுதான்.

எங்கள் வீட்டு அந்தோனியார் சிலையின் கையிலிருந்து நீங்கள் பிடுங்கிய பாலன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் மறக்கவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போன போட்டுகள் எல்லாம் காற்றுக்கு முன்னமே திரும்பிவிட்டன. அப்பாவின் போட் மட்டும் வரவில்லை. கடற்படையும் தேடியது, எங்கள் ஆட்களும் தேடினார்கள். கடைசியில் அன்றைக்குத்தான், திரியாய்க் கடற்கரையில் ஒதுங்கிய நீல எண்ணெய்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் வைத்தார்கள். அப்பாவின் கையெழுத்து அதில் இருந்தது. அம்மா அதைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்.

நீங்கள் புடவைக்கடை வேலையால் வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே சுவர்த்தட்டுக்குப் போனீர்கள். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் என்று அம்மா வைத்துக் கும்பிட்ட அந்தோனியார் அங்கே நின்றார். கையில் புத்தகம், புத்தகத்தின்மேல் பாலன். நீங்கள் பிடித்து இழுக்க, பாலன் டக்கென்று கழன்று வந்தார். புத்தகத்தில் ஒரு வெள்ளைக் காயம் மிஞ்சியது.

“என்னடி செய்யிறாய், பாவமெல்லோ,” என்று அம்மா பதறினார்.

“ஆடு துலைஞ்சாலும் சனம் இப்பிடித்தானே செய்யுது அம்மா. பிள்ளையைப் பிரிஞ்சிருந்தால்தான் இவருக்கு விளங்கும். அப்பாவைக் கொண்டுவந்து தரட்டும், நான் இவரின்ர பிள்ளையைக் குடுக்கிறன்.”

“பங்குச் சுவாமி அறிஞ்சால் ஏசுவார்.”

“சுவாமியின்ர அம்மாவும் ஒருக்கா எண்டாலும் செய்திருப்பா.”

எங்கே ஒளித்தீர்கள் என்று நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அம்மா கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்தேன். வகுப்பில் வாய் திறக்காத எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றவில்லை. உங்களுக்குத்தான் கவலை. பின்னேரங்களில் குசினியில் என்னோடு நின்று கோப்பை துடைத்துக்கொண்டு அந்தோனியாரின் கதைகளைச் சொல்வீர்கள். அவரைப் பற்றி அவ்வளவு எங்கே அறிந்தீர்கள் என்று தெரியாது. கோபித்துக்கொண்டவரைப் பற்றித்தான் அதிகம் விசாரிப்போம் போல.

“அவரும் கடலில வழி மாறினவர்தான், தெரியுமோ? மொறோக்கோவில வருத்தம் வந்து படுத்து, ஊருக்குத் திரும்புவம் எண்டு கப்பல் ஏறினவர். காத்து அடிச்சு சிசிலியில கொண்டுபோய் விட்டிட்டுது. அப்பாவும் ஏதோ ஒரு கரையில பாசை தெரியாமல் முழிச்சுக்கொண்டு நிப்பார்.”

மீன்களுக்குப் பிரசங்கம் வைத்த கதையை அம்மா இருக்கும்போது சொன்னீர்கள். மனிதர்கள் கேட்காமல் போக, அவர் தண்ணீர் ஓரமாகப் போய் நின்று பேசினாராம். மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டனவாம்.

“அவ்வளவு பழக்கம் எண்டால் அதுகளிட்ட ஒரு வார்த்தை கேக்கலாந்தானே, எங்கட அப்பாவைக் கண்டனீங்களோ எண்டு.”

“கண்டாலும் அதுகள் சொல்லுங்களோ? எத்தினை சொந்தக்காரரைப் பிடிச்சு வித்தவர் உன்ர கொப்பர்,” என்றார் அம்மா. அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்கென்று ஒரு கதை வைத்திருந்தீர்கள். அந்தோனியாரும் ஆரம்பத்தில் பேசாத ஆள்தான், மடத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு இருந்தவர், அவர் படித்தவர் என்றுகூட அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் பிரசங்கம் வைக்க யாரும் ஆயத்தமாக வரவில்லை. வேறு வழியில்லாமல் இவரை எழுப்பிவிட்டார்கள். “அதுக்குப் பிறகு அவரை நிப்பாட்ட ஏலாமல் போச்சுது. உனக்கும் வேற ஆள் இல்லாத ஒரு நாள் வரும், ஊமைச்சி.”

செவ்வாய்க்கிழமைகளில் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவீர்கள். பொட்டு வைத்த பெண்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அப்பாவிடம் மீன் வாங்கிய கிண்ணியா முஸ்லிம் நானா, ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி வாசலில் பேக்கரிப் பாண் வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் கும்பிடுவார்கள். நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அந்தோனியாரை முறைத்தபடி நிற்பீர்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசும்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த அன்றே, “என்ர தலையணையைக் கொண்டு வா,” என்றீர்கள். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாங்கித் தலைக்குக் கீழே வைத்து ஒருதரம் அழுத்திப் பார்த்தீர்கள். எதைத் தேடினீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. காலையில் கழுத்து நோகுது என்பீர்கள். “தலையணைக்குள்ள கல்லோ அக்கா?” என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். “ஓம், கல்லுத்தான்,” என்பீர்கள்.

அந்தத் தலையணையில்தான் போனீர்கள். அம்மா உங்கள் உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார். தலையணையை மட்டும் விடவில்லை.

பாலனைக் கையில் வைத்துக்கொண்டு நான் முற்றத்திலேயே நின்றேன். அம்மா வந்து பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் பாலனின் முகத்தில் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்தார்.

“குடுத்திடு பிள்ளை.”

“அப்ப அப்பா?”

இதைக் கொடுத்துவிட்டால் அப்பாவை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடாதா? நீங்கள் கடைசிவரை தலைக்குக் கீழே வைத்துக் காத்த பேச்சை நான் எப்படி முறிப்பேன்?

“பிள்ளை இல்லாமல் நிக்கிறது எப்பிடியெண்டு எனக்கு இப்ப தெரியும்,” என்றார் அம்மா. “அந்த மனிசன் இனியும் வெறுங்கையோட நிக்க வேண்டாம். நீயே வை.” சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

மெழுகுதிரியைக் கொளுத்தி, அந்தோனியாரின் புத்தகத்தில் இருந்த வெள்ளைக் காயத்தின்மேல் மெழுகை விட்டேன். பாலனை அதில் இருத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படியான நேரங்களில் அவரோடு கதைப்பது நீங்கள்தான். வேறு ஆள் இல்லை.

“அக்கா எடுத்தவ,” என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “ஒண்டும் கேட்டுத் திருப்பித் தரேல்ல. சும்மாதான் தாறன். ஆனால் அப்பாவைத் தேடுறதை விட்டிடாதேங்கோ.”

குசினியில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

பிறகு சாரத் துண்டை மடித்துப் பழையபடி பஞ்சுக்குள் வைத்தேன். உங்கள் பெட்டியில் இருந்த நீல நூலை எடுத்துத் தலையணையின் மூலையைத் தைத்தேன். முடிச்சை வெளியே விட்டேன்.