எங்கள் பள்ளியில் குலுக்கல் இல்லை

லாஸ் ஏஞ்சலஸ்,
15 மே 2013, புதன்

அன்பு மகளுக்கு,

நேற்று மாலை எங்கள் ஆசிரியர்கள் வாக்களித்துவிட்டார்கள். பள்ளியை, அரசுப் பள்ளிகளை எடுத்து நடத்தும் உன் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் யோசனை தோற்றது; ஆசிரியர்களே நடத்தும் திட்டம் வென்றது. இனி ஆசிரியர் நியமனமும் பாடத்திட்டமும் எங்கள் பொறுப்பு. பள்ளி முன்போலவே அரசுடையது.

மே 7 அன்று கூட்டத்தில் நீ சொன்னாய்: "அப்பா, உங்க வாத்தியாருங்களால ஸ்கூல நடத்த முடியாது. சும்மா பிடிவாதம் பிடிக்காதீங்க."

அதற்கு மதிய உணவு பரிமாறும் எர்லிண்டா, "ஏன் கண்ணு, நீ இங்கதானே படிச்ச? உருப்படாமலா போயிட்ட?" என்றாள். அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3 அன்று உன் நிறுவனப் பள்ளியின் சேர்க்கைக் குலுக்கலில் உன் மகன் பெயரே வரவில்லை என்பதை மருமகன் சொல்லித்தான் அறிந்தேன். அவனுக்காக விதியை வளைக்க மறுத்தாயாம். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

எங்களிடம் குலுக்கல் இல்லை. இந்த வட்டாரத்தில் வசிக்கும் எந்தக் குழந்தைக்கும் இடமுண்டு. நீயும் இங்கேதான் வசிக்கிறாய். உன் நிறுவனம் அடுத்த ஆண்டும் வந்தால், பள்ளிக்குழுத் தலைவனாக அடுத்த ஆண்டும் எதிர்ப்பேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய், பள்ளி திறக்கிறது. பேரனை நீயே அழைத்து வா. மருமகனோடு அனுப்பிவிடாதே.

இம்மியும் இறங்கிவராத,
உன் அப்பா