மாடிப்படியில் உட்கார்ந்த துருக்கிக்காரி

குவைத், 10.10.2008

அன்புள்ள பவானிக்கு,

ஒட்டகங்களே எழுந்து நின்று வழிவிடும் உன் மாமா பழனிவேல் இங்கு நலம். திருப்பாதிரிப்புலியூரில் நீயும் நம் மகள் அனுப்பிரியாவும் நலமா?

எங்கள் அறைக்கு டிவி வந்திருக்கிறது. அரபியில் பேசும் துருக்கி நாடகம் பார்த்து நாங்கள் அழுத கண்ணீரில் பாலைவனத்தில் நெல்லே நடலாம். நேற்று அதன் நாயகி மாடிப்படியில் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் வெளியூரிலிருக்கும் கணவனிடம் போனில் சிரித்துப் பேசினாள். அரபி தெரிந்த கம்மாபுரம் செம்பியன்தான் விளக்கினான்: "நல்லாருக்கேன்னு பொய் சொல்றாண்ணே. அந்தாளு கவலப்படுவானாம்."

எனக்கு உடனே உன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் போனில் நீ என்ன சொன்னாய்? "துணி காயப்போட இப்பல்லாம் அனுதான் மாடிக்குப் போறா மாமா. எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

புலியையே முறைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன். அனுவைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டு. டாக்டர் சொன்னதை அனுவே எனக்குச் சொல்லட்டும்.

செம்பியன் தபால் போடக் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன். இனி தினமும் மாலையில் நாடகம் ஓடும்போது நான் வெளியே நிற்பேன். அனு பேசும்வரை அந்தத் துருக்கிக்காரிக்கு என்ன ஆனதென்று யாரும் எனக்குச் சொல்லக்கூடாது.

உன் மாமா,
பழனிவேல்