அப்பாவின் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

15 ஜூலை 1986, செவ்வாய்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை விழுந்து உடைந்த அப்பாவின் காலில் எலும்பு எப்போதோ கூடிவிட்டது. மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் காலை நீட்ட முடியவில்லை. இன்று பெரிய ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி செய்யும் அக்கா முழங்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல காலுக்கடியில என்ன வைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தலகாணிதான்லா. அவருக்குச் சொகமா இருக்கட்டும்னு" என்றாள் அம்மா, பெருமையாக.

அந்தத் தலையணைதான் காலை மடங்கியபடியே இறுக வைத்துவிட்டதாம்.

கட்டுப் பிரித்து அனுப்பியவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் லயத்தில் அத்தனை வீட்டாரும் மைலோ சத்துமாவு டின்னோடு வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், "அசையாம படுத்திருங்கண்ணே" என்றார்கள். பாசம் காட்டியே அவரை முடமாக்கிவிடுவார்கள்.

அந்த அக்கா காலை அழுத்தி நீட்டியபோது அப்பா கத்தினார். அக்காவின் கையைத் தட்டிவிடப் பாய்ந்த அம்மாவை நான் பிடித்து இழுத்தேன். கால் கொஞ்சம் நீண்டது. கொஞ்சம்தான். என் கண்ணால் பார்த்தேன்.

டீச்சர் வேலைக்கு மனுப் போடு என்கிறார் மாமா. அவரே போட்டுக்கொள்ளட்டும். அந்த அக்கா செய்கிற வேலைக்குத்தான் நான் படிப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மறுபடி தலையணையை வைத்தாள். நான் உருவி எடுத்தேன்.

"கல்நெஞ்சுக்காரிடி நீ."

இருக்கட்டும். தலையணை இப்போது என் மடியில். இந்த நோட்டை அதன் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா முனகுகிறார்.

தர மாட்டேன்.