எபேசில் நீ போட்ட கோவிந்தா

நேற்று சாயங்காலம் ஸ்ரீ சிட்டி கம்பெனி வேலையிலிருந்து வந்த நம் மகள், பையிலிருந்து ஒரு கண்ணாடிச் சீசாவை எடுத்துத் திறந்தாள். ஆலிவ் காய். அந்த உப்பும் எண்ணெயும் கலந்த வாசனை அடுக்களை முழுக்கப் பரவியது. கப்பலில் முதல் தடவை அதை வாயில் போட்டபோது உன் முகம் போன போக்கு இருக்கிறதே, அப்பப்பா! "இன்னாயா இது, வேப்பங்கொட்டையை ஊறப் போட்டு வெச்சிக்கீறானுங்க!" என்றாய். மூன்றாம் நாள் தட்டு நிறைய அதையே அள்ளி வந்து, தயிருக்கு இதைவிட நல்ல ஊறுகாய் உண்டா என்று என்னிடமே கேட்டாய். அதுதான் நீ.

அந்தப் பயணத்துக்கு டிக்கெட் போட்டவள் மகள். ஏதென்ஸில் ஏறி, தீவு தீவாகச் சுற்றி, பழங்காலத்து இடிபாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற கப்பல். ஆபீஸ் லீவைப் பார்த்தாள், கப்பல் தேதியைப் பார்த்தாள். பஞ்சாங்கத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நீதான் பார்த்தாய், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. "புரட்டாசியில எவனாவது மீன் துன்ற ஊருக்கு டிக்கெட் போடுவானா? புத்தூர்ல பொறந்த புள்ளயாடி நீ?" என்று அவளைப் பிடித்துக்கொண்டாய்.

மீன் போனால் போகட்டும். உன் கவலை வேறு. மகள் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, திருப்பதி ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது நீ ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டது அது. புரட்டாசி சனிக்கிழமை சொம்புக்கு நாமம் இட்டு, ஏழு வீட்டு வாசலில் கோவிந்தா போட்டு அரிசி வாங்குவது. அதைப் பொங்கிச் சாமிக்குப் படைக்கும் வரை வாயில் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் படாது. ஒரு வருசம்கூட நீ தவறியதில்லை. "எதை வேணா வுட்டுட்டு வரேன், அதை வுட மாட்டேன்" என்று சொம்பைப் புடவையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாய். கப்பலில் ஏது வீடு, ஏது வாசல் என்று கேட்டேன். "மனுசன் கீறான்ல?" என்றாய்.

சனிக்கிழமை காலை, கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் மஞ்சள் புடவையும் சொம்புமாக நின்றாய். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நானோ தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். "ரைஸ், ரைஸ். காட்," என்று மேலே கையைக் காட்டினாய். முதல் மேசையில் ஒரு கிழவர் ரொட்டித் துண்டு போட்டார். அடுத்த மேசைக்கார அம்மாள் திராட்சை இலையில் சோறு சுருட்டிய பண்டத்தை வைத்தாள். பரிமாறிக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ்காரருக்கு எப்படியோ விஷயம் புரிந்து, சமையல்கட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கைப்பிடி பச்சரிசி கொண்டுவந்து போட்டார். அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் நீ உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாய். "ஏழுக்கு மூணுதான்யா ஆச்சி. இத்தினி வருசம் காப்பாத்தினது கடல் நடுவுல போச்சே."

அன்றைக்குத்தான் துருக்கிக் கரையில் இறங்கி எபேசு இடிபாடுகளைப் பார்க்கிற நாள். வெறும் வயிற்றோடு, சொம்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாய். சலவைக்கல் தெருவெல்லாம் வெயிலில் பளபளத்தது. தெரு முடிவில் மலையைக் குடைந்து கட்டிய அந்தப் பெரிய அரங்கம், வானத்தைத் தொடுகிற மாதிரி படிக்கட்டுகள். நம்மையெல்லாம் படியில் உட்காரவைத்து, கீழே நடுவில் நின்று பேசினால் மேல் படி வரைக்கும் கேட்கும் என்றாள் வழிகாட்டிப் பெண், யாராவது வந்து பேசிப் பாருங்கள் என்று கூப்பிட்டாள். ஒருவர் கை தட்டிப் பார்த்தார். இன்னொருத்தி ஏதோ முனகிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நீ செருப்பைக் கழற்றினாய். "மயக்கம் போட்டு வுழப்போற, வாணாம்" என்று கையைப் பிடித்தேன். "வுடுய்யா!" என்று உதறிவிட்டு இறங்கினாய். கல் சுட்டிருக்கும். நடுவில் நின்று சொம்பை உயர்த்தினாய்.

"ஏடுகொண்டலவாடா! வெங்கட்ரமணா! கோவிந்தா! கோவிந்தா!"

அந்த இடமே அதிர்ந்தது. காலையில் தலை குனிந்த நம் மகள்தான் படியிலிருந்து முதலில் பதில் போட்டாள். இரண்டாவது தடவை நானும் போட்டேன், தொண்டை கிழிய. மூன்றாவது தடவை நம்மோடு வந்த அத்தனை பேரும், அர்த்தம் தெரியாமலே, அவரவர் நாக்குக்கு வந்தபடி "கோவிந்தா!" என்றார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இது என்ன என்று வழிகாட்டிப் பெண் கேட்டாள். மகள் இங்கிலீஷில் சொன்னாள். தான் பிழைத்ததற்கான வேண்டுதல் இது என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. பிறகு ஒவ்வொருவராய் உன்னிடம் இறங்கி வந்தார்கள். பாதாம், உலர்ந்த அத்தி, பிஸ்கட். பை முழுக்கத் துழாவி ஒன்றும் கிடைக்காத ஒரு பெரியவர் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைப் போட்டார். சொம்பு தளும்ப, மிச்சத்தை முந்தானையில் வாங்கினாய். "ஏழு வூடு கேட்டா ஊரே போடுது பார்த்தியாயா!" என்று நீ சிரித்த சிரிப்பு அந்தப் படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

சாயங்காலம் அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் உன் அரிசியைத் தனியாக வடித்துத் தந்தார். கட்டித் தயிர் ஊற்றிப் பிசைந்து, படைத்து, நீ சாப்பிட்டாய். பக்கத்து மேசைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு உருண்டை கொடுத்தாய். காலையில் தடுத்த மேலாளரும் கை நீட்டினார். அவருக்கு மட்டும் இரண்டு.

நீ போனதால் போன வருசம் வீட்டுக்குத் துக்க வருசம், சொம்பை எடுக்கவில்லை. இன்று புரட்டாசிச் சனிக்கிழமை. "வேண்டுதல் அம்மாதுதான நைனா, அம்மாவோட முடிஞ்சிடுச்சி. மனசைப் போட்டு வருத்திக்காத" என்றாள் மகள். சொம்பைத் துலக்கி நாமம் இட்டேன். இத்தனை வருசம் நீ திரும்புகிற வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன், முதல் வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்தேன். முனகல்தான் வரும் என்று நினைத்தேன். தெருக்கோடி வரை கேட்டது. முறத்தோடு ஓடிவந்த எதிர்வீட்டுக்காரி திகைத்துப்போய், "இன்னாண்ணா, நீயா வந்துக்கீற?" என்றாள்.

"நான்தாம்மா. இனிமே வருசா வருசம் நான்தான்."

பின்னாலேயே ஓடிவந்த மகள் என் குரலுக்கு எதிர்க்குரலாகக் கோவிந்தா போட்டாள். ஏழு வீடும் ஆயிற்று. பொங்கிப் படைத்தாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தோம்.