தீராத அட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு கல்யாணப் பெண்ணின் பருக்களைக் கணினியில் ஒவ்வொன்றாக அழித்தேன். "அக்கா, அப்படியே உங்களுக்கும் அழிச்சுக்கலாமே" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். தாடையெல்லாம் கொப்புளம், தொட்டால் உயிர் போகிறது. ஜனவரியில் வயிற்றில் குழந்தை தங்காமல் போனதிலிருந்து இப்படித்தான்.

மார்ச் 6, வியாழன்

தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "கர்ப்பமா இருக்கீங்களா? இருக்க வாய்ப்பிருக்கா?" டெட்ராசைக்ளின் வகை மாத்திரையாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். 'இல்லை' என்று சொல்ல இவ்வளவு நேரமா? ஒரு சொல்தானே.

டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் முகத்தைக் காட்டக் கூடாது. பாலோ சத்து மாத்திரையோ கூடவே போடக் கூடாது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

இல்லை என்றேன். இந்த 'இல்லை' மட்டும் சட்டென்று வந்தது.

மார்ச் 7

காலையில் இதோடு அதையும் போட்டேன். கர்ப்பத்துக்கென்று எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை. யாருக்காகப் போடுகிறேன்? நிறுத்தினால் முடிந்துபோனதாக ஆகிவிடும். முடிஞ்சுபோகட்டும்னு நிறுத்த என் கைக்கு வரமாட்டேங்குது.

ஏப்ரல் 2, புதன்

முகம் அப்படியே. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதில் மூக்கு தக்காளியாகிவிட்டது. "இது உன் பையிலயே இருக்கட்டும்" என்று இவர் குடையை நீட்டினார். இன்று எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஜனவரியிலிருந்து இந்த வீட்டில் குக்கர்தான் வாய் திறக்கிறது.

ஏப்ரல் 24, வியாழன்

"மாத்திரை வேலையே செய்யலையே. இரும்புச்சத்து ஏதாவது போடறீங்களா? அது இந்த மருந்தை வயித்துலயே பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது" என்றார் டாக்டரம்மா. அழுதுவிட்டேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "தேவைன்னா நேரம் தள்ளிப் போடச் சொல்வேன். உங்களுக்கு ரத்தம் சரியாத்தானே இருக்கு. எதுக்கும்மா போடறீங்க?"



ஏப்ரல் 25

குப்பையில் போடலாம் என்று சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்தேன். புத்தம் புது அட்டை. ஜனவரியில் வாங்கியது எப்போதோ தீர்ந்திருக்க வேண்டுமே. நான் ஒரு தடவைகூட வாங்கவில்லையே. எப்படி எனக்கு இது உறைக்கவே இல்லை?

இவரிடம் காட்டினேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தீர்ந்துட்டா நீ என்ன ஆயிடுவியோன்னு பயம். போய்க் கேட்டா மருந்துக்கடைக்காரர், 'எத்தனாவது மாசம்'னாரு. நாலுன்னேன்..." ஷூ நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். "போன வாரம் ஆறுன்னு சொன்னேன்."

பாவி மனுஷா. எனக்குச் சொல்லாம நீ மட்டும் வளர்த்துக்கிட்டு இருந்தியா?

ஒற்றைக் காலில் ஷூவோடு அழுதார். நானும் அழுதேன். இரண்டு பேருமே வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 20, வெள்ளி

முகம் தெளிந்துவிட்டது. "பழையபடி ஆயிட்டியேம்மா" என்றார் ஸ்டூடியோ முதலாளி. ஆகவில்லை. ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை.

முகத்துக்கான மாத்திரையில் கடைசி அட்டை கிளினிக்கில் இல்லை என்றதால் அந்த மருந்துக்கடைக்கே போனோம். இரண்டு மாதத்துக்கு முன்பே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது. ஏப்ரலுக்குப் பிறகு இவர் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். இன்றும் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், சீட்டைப் படித்தார், பதறினார். "இது வயித்துப் பிள்ளைக்கு ஆகாதேம்மா."

"பிள்ளை இல்லைங்க" என்றேன். "ஜனவரியிலயே போயிடுச்சு."

வெளியே வந்ததும் இவர் குடையை விரித்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

நாளையிலிருந்து இவர் இந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போகலாம்.