வேலியில் விட்ட வழி

கொடைக்கானல்
12.6.2024

அன்புள்ள புவனா,

டவர் கிடைக்காத ஊருக்கு வாக்கப்பட்டுப் போனவளே, உன்னால்தான் எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. கதிர்வேல் அண்ணன் சுகமா?

ஓர் உதவி வேண்டும். இளவட்டக் காட்டுமாடுகள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து அடுத்த காட்டுக்கு எந்த வழியாகப் போகும் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணினியில் கணித்துப் பார்த்தோம். பாச்சலூர்ப் பக்கம் ஒரே வழிதான் மிச்சம். அது உங்கள் காப்பித் தோட்டம்! அதுவும் அடைபட்டால் மேல்காட்டு மாடுகள் தங்களுக்குள்ளேயே கலந்து நலிந்துபோகும். அண்ணன் போடப்போகும் சோலார் வேலியில் மேலேயும் கீழேயும் வழி விடச் சொல்வாயா? நீ சொன்னால் கேட்பார். உன் பேர் கெடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ஆக்ஸிலியா

பாச்சலூர்
3.8.2024

அன்புள்ள ஆக்ஸி,

வழி விட்டாயிற்று. மாமனார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர்தான், "ஒன் சிநேகிதி மாட்டுக்கு வழி போட்டுட்டா. நம்ம ஊருக்கு நல்ல ரோடு எப்பப் போடுவாளாம்?" என்று சிரிக்கிறார். என் பேச்சைத் தட்டவில்லை.

நீ ஒரு நடை வந்து பார்க்கக் கூடாதா? காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம்.

உன்
புவனா

பாச்சலூர்
20.11.2024

ஆக்ஸிலியாவுக்கு,

வெள்ளனே மிளகுக்கொடி பார்க்கப் போனவரை ஒற்றைக் காட்டுமாடு முட்டிவிட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் கூட்டிவந்தோம். இடுப்பெலும்பு முறிவு. இனிமேல் சரிவில் ஏறி இறங்க முடியாதாம்.

மாடு நீ சொன்ன வழியாகத்தான் வந்தது. கீழே சேனாதிபதி தோட்டத்தை வாங்கிய ரிசார்ட்காரர்களின் புதுக் கம்பிவேலி தடுத்ததில் மிரண்டு திரும்பியிருக்கிறது. அந்த வேலி ஆடியிலேயே வந்துவிட்டது. தினமும் பார்த்தேன். உன் கணினிக்குத் தெரியாமலா இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

புவனா

கொடைக்கானல்
2.12.2024

என் புவனா,

அழுதுகொண்டேதான் எழுதுகிறேன். எங்களிடம் இருந்தது போன வருடத்துப் படம். அதில் அந்த வேலி இல்லை. ஏதாவது இருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்று நானும் இருந்துவிட்டேன். நீ கூப்பிட்டபோதே வந்திருந்தால் என் கண்ணே பார்த்திருக்கும். அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னை மன்னித்துவிடு.

ரிசார்ட்காரர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலியைத் தள்ளிப்போடச் சம்மதிப்பார்கள் போலிருக்கிறது. அண்ணன் கோபத்தில் உங்கள் வழியை அடைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்.

உன்
ஆக்ஸிலியா

பாச்சலூர்
15.12.2024

ஆக்ஸி,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அழுவாதன்னு எழுது புள்ள. போக வழியில்லன்னா மாடு திரும்பத்தான செய்யும்? நம்ம வழி தெறந்தே கெடக்கட்டும்" என்றார். அவருக்கு உன் மேல் துளியும் கோபமில்லை.

நாம் ஒன்றாகத்தானே விலங்கியல் படித்தோம், எனக்கும் எல்லாம் புரிகிறது. தப்பு உன் ஒருத்தியுடையதும் இல்லை. ஆனால் கட்டிலை விட்டு எழும்போதெல்லாம் அவர் என் தோளைப் பிடிக்கிறார். அப்போதெல்லாம் உன் நினைப்புதான் வருகிறது. முன்போல ஆசையாக நினைக்க முடியவில்லை. கொஞ்ச காலத்துக்கு எழுதாதே. வரவும் வேண்டாம்.

வழியை நேற்று அடைத்தாயிற்று. உன் அண்ணன்தான் அடைத்தார் என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கம்பியை இழுத்துக் கட்டியவள் நான்.

புவனா